திங்கட்கிழமை ராத்திரி இரண்டு நாற்பது

என்ன வேலை செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் சொல்லும் பதில் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தொடக்கத்தில் விளக்கமாகச் சொல்வேன். பச்சைக் குழந்தைகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் புதிதாக ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்க்கும்போது, அது உண்மையிலேயே பயன்படுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி நடக்கும். அதில் சேரும் விவரங்களைப் பதியவும் சரிபார்க்கவும் ப்ரோகிராம் எழுதுவது என் வேலை என்பேன். பாதியிலேயே கேட்டவரின் கண் பந்திப் பக்கம் போய்விடும். பிறகு 'ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்' என்று குறைத்துக்கொண்டேன். அதன் பலனாக ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகில் இருந்த கட்டியைக் காட்டினார். இப்போது 'கம்ப்யூட்டர்ல' என்று மட்டும் சொல்கிறேன். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சில வருடங்கள் ப்ரோகிராம் எழுதினேன். பிறகு பெரம்பலூரில் இந்த ஆராய்ச்சி அலுவலகம் ஆள் எடுப்பதாகத் தெரிந்து ஊர்ப் பக்கமே வந்துவிட்டேன். வீடு அரியலூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகும், சட்டைக் காலர் சாம்பல் நிறமாகும். அலுவலகம் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பூச்சிமருந்து இறக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்ப்போம்.

எத்தனையோ குழந்தைகளின் எடை எனக்குத் தெரியும். எந்தக் குழந்தைக்கு எத்தனையாவது நாளில் தொப்புள் விழுந்தது, எந்தத் தாய்க்கு ரத்தம் குறைவு என்றெல்லாம் தெரியும். ஒரு குழந்தையின் முகமும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது அப்படித்தான் பிடித்திருந்தது. நான் ரத்தம் பார்த்தால் தலைசுற்றுகிற ஆள். எண்கள் அழுவதில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பற்றுப் பாத்திரத்தைக் கழுவாமல் விட்டால் என் மனைவிக்கு வருமே, அந்த மாதிரிக் கோபம். அதனால் என் ப்ரோகிராம்கள் யாரையும் சும்மா விடாது. கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. பொருந்தாத எண்ணைப் போட்டால் சிவப்பாகக் கேள்வி கேட்கும். 'உங்க ப்ரோகிராம் மாமியார் மாதிரிங்க' என்று ஒரு நர்ஸ் சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இங்கே சொல்ல வந்தது அந்த ஆராய்ச்சிகளில் ஒன்றைப் பற்றி. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு சொட்டு மருந்து. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத சொட்டு. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. விதி ஒன்றுதான் கண்டிப்பானது. குழந்தை பிறந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முதல் சொட்டு வாய்க்குள் போயாக வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினாலும் அந்தக் குழந்தையைச் சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பகுதிப் பெண் ஒருவரைக் களப்பணியாளராகப் போட்டிருந்தார்கள். காலையில் பிரசவ வார்டுக்குப் போய், புதிதாகப் பிறந்த குழந்தைகளைப் பார்த்து, குடும்பத்திடம் பேசி, சம்மதக் கையெழுத்து வாங்கி, விவரங்களைப் போனில் பதிய வேண்டும். பிறந்த தேதியையும் நேரத்தையும் போட்டால் நான் எழுதிய செயலி வயதை மணிக்கணக்கில் கணக்கிட்டு, பச்சையில் 'சேர்க்கலாம்' என்றோ சிவப்பில் 'தகுதி இல்லை' என்றோ சொல்லும். பச்சை வந்தால்தான் எந்தப் பாட்டிலைத் திறப்பது என்ற எண் திரையில் வரும்.

அரியலூரில் ஒரு மண்டபத்தில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. நீங்கள் எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம், போனே பார்த்துக்கொள்ளும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. நாற்பது வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

"போனு தப்பா சொல்லிச்சுன்னா என்ன சார் பண்றது?"

"போன் தப்பா சொல்லாதுக்கா. நாம தப்பா போட்டாதான் அது தப்பா சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அந்த அக்காவைப் பற்றிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். கல்யாணமாகி இருபது வருடம் பருத்தியும் சோளமும் பார்த்தவர். அவருடைய இரண்டு மகள்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற தன் படிப்பு எதற்கும் உதவாது என்று நினைத்திருந்தபோது இந்த வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அவரை மேடம் என்றார்கள். சம்மதக் கையெழுத்து வாங்குவது லேசான காரியமில்லை. பிறந்து பத்து மணி நேரமே ஆன பிள்ளைக்கு ஆராய்ச்சி மருந்தா என்று யாரும் பயப்படத்தான் செய்வார்கள். அவர் போய் உட்கார்ந்து பேசினால் கையெழுத்துப் போடுவார்கள். அவருடைய ஆஸ்பத்திரியில் மறுத்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பகுதியில் அவருடைய வாக்குக்கு ஒரு மதிப்பு இருந்தது.

ஆராய்ச்சி தொடங்கிச் சில மாதங்கள் கழித்துச் சென்னையிலிருந்து புள்ளியியல் நிபுணர் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கும் இரண்டு வாக்கியம்தான் பேசினார். ஒன்று, எங்கள் மாவட்டங்களில் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் பிறந்த குழந்தைகள் ஆராய்ச்சியில் ஏறக்குறைய இல்லவே இல்லை. இரண்டு, ஒரே ஒரு களப்பணியாளரின் பதிவுகளில் மட்டும் இரவு பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் குழந்தைகள் வரிசையாகப் பிறந்திருக்கிறார்கள்.

"ஒரே நிமிஷத்துல, நாள் மாத்தி நாள்" என்றார்.

பார்த்தேன். அந்த அக்காவின் பதிவுகள்தான். வேறு வேறு நாட்கள், வேறு வேறு தாய்மார்கள், நேரம் மட்டும் 11.55. மனிதன் பொய் எழுதினால் அப்படித்தான் எழுதுவான் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உண்மையான நேரங்கள் சிதறிக் கிடக்கும். பொய் நேரங்கள் ஓரிடத்தில் குவியும். இந்தக் குவியலைக் கண்டுபிடிக்கும் சோதனையையும் நான்தான் எழுதியிருந்தேன். அது சரியாக வேலை செய்ததில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. அதை மறைப்பானேன்.

விதி எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே பொய்யான விவரம் பதிந்தவர் அன்றைக்கே வெளியே. அவர் சேர்த்த குழந்தைகள் அத்தனை பேருடைய விவரங்களும் குப்பைக்கு. எங்கள் மேலாளர் ஒரு டாக்டர், சத்தம் போடாதவர். "போய்ப் பாத்துட்டு வாங்க. பொய்னு தெரிஞ்சா எழுதிக் குடுத்துருங்க, நான் கையெழுத்து போட்டுர்றேன்" என்றார்.

மறுநாள் காலை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அனுமதிக் கடிதத்தைக் காட்டி டெலிவரி ரிஜிஸ்டரை வாங்கி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். அவர் திங்கள் இரவு 11.55 என்று பதிந்த குழந்தை ரிஜிஸ்டரில் செவ்வாய் விடியற்காலை 2.40. வியாழன் 11.55 என்றது வெள்ளி 4.10. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. சிரித்துப் பேசிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்றெல்லாம் நினைத்தேன்.

அவர் வார்டிலிருந்து வெளியே வந்ததும் எதிரே டீக்கடை பெஞ்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். தாளைக் காட்டினேன். அவர் பதறவில்லை. தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. 'திங்கள் ராத்திரி 2.40' என்று எழுதியிருந்தது. ரிஜிஸ்டரில் இருந்த அதே நிமிடம்.

"சரியான நேரம் தெரிஞ்சிருக்கு. அப்பறம் ஏன் பதினொண்ணு அம்பத்தஞ்சுன்னு போட்டீங்க?"

"சரியான நேரத்த போட்டா உங்க போனு ஒத்துக்க மாட்டேங்குது சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் போனை எடுத்து, எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோல் செய்து காட்டினார். திங்கட்கிழமைத் தேதி, நேரம் காலை இரண்டு நாற்பது. "புள்ள திங்கக்கிழம ராத்திரி பொறந்துச்சு. நான் செவ்வாக்கிழம காலையில பத்து மணிக்கு நிக்கிறேன். எத்தினி மணி நேரம் ஆவுது? ஏழர மணி நேரம். உங்க போனு அன்னிக்கு முப்பத்தோரு மணி நேரம்னுச்சு. செவப்பு காட்டுது."

நான் போனை வாங்கி அதையே மறுபடி போட்டுப் பார்த்தேன்.

"மொதல்ல நாலஞ்சு புள்ளைங்கள விட்டுட்டேன் சார். போனு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. பெத்தவங்க கேக்குறாங்க, 'நேத்து ராத்திரிதானங்க பொறந்துச்சு, நாள் போயிடுச்சுங்கிறீங்களே'ன்னு. ஆபீசுக்கும் போன் பண்ணேன். நீங்கதான் எடுத்தீங்க. 'போன் சொன்னா சரியா இருக்கும்க்கா, அடுத்த புள்ளையப் பாருங்க'ன்னு சொன்னீங்க."

எனக்கு அந்த அழைப்பு ஞாபகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையதுதான். அதில் சந்தேகமில்லை.

"அப்பறம் போட்டுப் போட்டு பாத்தேன். பதினொண்ணு அம்பத்தஞ்சுன்னா பச்ச காட்டுச்சு. திங்கக்கிழம ராத்திரின்னு போனு ஒத்துக்கிற கடைசி நேரம் அதான் சார். அதுக்கு மேல போனா அது திங்கக்கிழமைக்கே வேற கணக்கு போடுது."

"தேதிய செவ்வாய்னு மாத்தியிருக்கலாமேக்கா?"

அவர் என்னைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தார். "அது எப்பிடி சார் மாத்துறது? புள்ள பொறந்த கெழம ஆச்சே. நேரம் அஞ்சு பத்து முன்ன பின்ன இருந்தாலும் கெழம பொய்யா போடலாமா?"

நான் எழுந்து வார்டுக்குள் போனேன். ரத்தம், தலைசுற்றல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தையின் அத்தை உட்கார்ந்து தாய்க்கு ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று புதன்கிழமை. குழந்தை எப்போது பிறந்தது என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி மூணு பத்துங்க. செவ்வாக்கிழம." இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். ஜாதகம் எழுதக் குறித்து வைத்தது. செவ்வாய் இரவு மணி 3.10. அதே குழந்தை ரிஜிஸ்டரில் புதன்கிழமைக் கணக்கில் இருந்தது. நர்ஸ் எழுதியதும் சரி, அத்தை எழுதியதும் சரி. நிமிடம் பிசகவில்லை.

நமக்கு நாள் விடிந்தால்தான் மாறும். ராத்திரி மூன்று மணி என்பது போன நாளின் ராத்திரிதான். பஞ்சாங்கம் அப்படித்தான், ஜாதகம் அப்படித்தான், வீட்டுப் பேச்சும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாதா? என் மகள் பிறந்தபோது நானே ஆஸ்பத்திரி வாசலில் நின்று உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, 'சனிக்கிழம ராத்திரி மூணே முக்காலுக்குப் பொண்ணு பொறந்துருக்கு' என்றுதான் சொன்னேன். பிறப்புச் சான்றிதழில் ஞாயிறு என்று இருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் குழம்பியதும் உண்டு. அந்த நானேதான் நாற்காலியில் உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதும்போது நள்ளிரவு பன்னிரண்டைத் தவிர வேறு எதிலும் நாள் மாறும் என்று நினைக்கவில்லை. பேன்ட் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதும் ஊர்க்கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

மற்ற களப்பணியாளர்களிடமும் விசாரித்தேன். எல்லோருக்கும் அதே சிவப்புதான் வந்திருக்கிறது. அவர்கள் குழந்தையை விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறார்கள். புள்ளியியல் நிபுணர் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் அதுதான். ராத்திரிப் பிள்ளைகள் பிறக்காமல் இல்லை. என் ப்ரோகிராம் அவர்களுக்கு ஒரு நாள் வயதைக் கூட்டி வெளியே தள்ளியிருந்தது. அதை எதிர்த்து ஏதாவது செய்தவர் ஒரே ஒருவர். சோதனையில் மாட்டியவரும் அவரே. பேசாமல் விட்டவர்களின் பதிவுகள் கண்ணாடியாகச் சுத்தமாக இருந்தன.

திருத்துவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 'விடியறதுக்கு முன்னாடியா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தேன்; ஆம் என்றால் ப்ரோகிராமே தேதியை அடுத்த நாளாக எடுத்துக்கொள்ளும். அந்த அக்காவின் நோட்டையும் ரிஜிஸ்டரையும் வைத்து 11.55 குழந்தைகள் எல்லோருக்கும் சரியான நேரத்தை அனுமதியோடு பதிந்தேன். அத்தனை பேரும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மருந்து குடித்தவர்கள்தான். ஒரு குழந்தையையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு கூட்டம் நடந்தது. மேலாளர், நான், திரையில் சென்னைக்காரர்கள், வெளிநாட்டில் இருந்த இரண்டு பேர். நடந்ததை விளக்கச் சொன்னார்கள். நான் ஊர்க் கணக்கை விளக்கினேன். வெளிநாட்டுக்காரர் ரசித்துக் கேட்டார். கடைசியில் ஒற்றை வாக்கியத்தில் காரணம் சொல்லுங்கள், அறிக்கையில் எழுத வேண்டும் என்றார்கள். நான், "களத்தில் தேதியைப் பதிந்ததில் ஏற்பட்ட குழப்பம்" என்றேன்.

அது பொய்யில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும்போதும் சோறு உண்மையான சோறுதான். 'ப்ரோகிராம் எழுதியவன் யோசிக்கவில்லை' என்று சொல்ல வாய் வரை வந்தது. அடுத்த ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. களம் என்ற சொல்லுக்கு முகமில்லை என்று நினைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். அங்கே இருந்த எல்லோருக்கும் அந்தச் சொல்லில் ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது.

விதி விதிதான் என்றார்கள். காரணம் நல்லதாக இருந்தாலும் தெரிந்தே பொய்யான நேரம் போட்டிருக்கிறார். அவரை வைத்துக்கொண்டால் நாளைக்கு ஆராய்ச்சியின் முடிவையே யாராவது சந்தேகிப்பார்கள். மேலாளர் ஒருமுறை மட்டும் "அவங்க நல்ல ஒர்க்கர்" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு இரண்டும் ஒரே அறையில்தான் இருந்தன. பாவம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ப்ரோகிராமில் அவருடைய பயனர் கணக்கை நான்தான் மூட வேண்டியிருந்தது. மூடும்போது காரணம் கேட்கும். காலிக் கட்டம் எனக்கு ஆகாது என்பதால் நான் வைத்த கேள்வி. பட்டியலில் நான்கு காரணங்கள்தான் இருந்தன. ராஜினாமா, இடமாற்றம், மரணம், ஒழுங்கீனம். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. என்ன பெயர் வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான்காவதைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

போனை ஒப்படைக்க அவர் பெரம்பலூர் வந்தபோது நான் இருக்கையில் இல்லை. இல்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி முடிந்தது. எல்லா விவரங்களும் சரிபார்க்கப்பட்ட பிறகு, பணியாளர் கணக்குகள் உட்பட மொத்தத்தையும் பூட்டுவார்கள். பூட்டியபின் ஓர் எழுத்தையும் யாராலும் மாற்ற முடியாது. முடிவு சாதகமாக வரவில்லை என்று யாரும் பின்னால் போய் எண்ணைத் திருத்தக் கூடாதல்லவா, அதற்காக. அந்தப் பூட்டையும் நான்தான் போட்டேன். நான் நினைத்தாலும் திறக்க முடியாதபடிதான் போட வேண்டும் என்பது முறை. போட்ட அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து அந்த அக்கா உரக்கடைப் படியேறி வந்தார். இந்தமுறை நான் இருக்கையில் இருந்தேன். கொஞ்சம் இளைத்திருந்தார். சுடிதாரை விட்டுவிட்டுப் பழையபடி சேலைக்கு மாறியிருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

தாய் சேய் நலத்துக்காக நடக்கும் வேறொரு திட்டத்தில் ஆள் எடுக்கிறார்களாம். இவருடைய அனுபவத்தைப் பார்த்து உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது வழக்கம் என்று எங்கள் அலுவலகத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எங்கள் அலுவலகம் ப்ரோகிராமில் இருந்ததை அப்படியே அச்செடுத்து அனுப்பியிருக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம்.

"ஒழுங்கீனம்னு போட்டுருக்காம் சார்." அந்தச் சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார். "ஒரு பொம்பளைக்கு அந்த வார்த்தைய போட்டா ஊர்ல என்னன்னு நெனைப்பாங்க? நேரத்த தப்பா போட்டான்னா நெனைப்பாங்க? என் வூட்டுக்காரரே ஒரு மாதிரியா பாத்துட்டு, 'அங்க என்ன நடந்துச்சு?'ன்னு கேக்குறாரு. வேல போவட்டும். அந்த ஒத்த வார்த்தைய மட்டும் மாத்திக் குடுங்க."

எனக்கு அது தோன்றியதே இல்லை. பட்டியலில் அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு அது ஒரு வகை, அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அது என்னவாகும் என்று யோசிக்க, முகங்களைத் தெரிந்து வைத்திருக்கிற ஒருவன் வேண்டும்.

"இப்ப மாத்த முடியாதுக்கா. பூட்டியாச்சு."

"யாராலயுமா?"

"யாராலயும் முடியாது. என்னாலயும் முடியாது."

அதுவரை சார் என்றே கூப்பிட்டவர், "பூட்டு போட்டது நீங்கதான தம்பி?" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

"சரி, அப்பன்னா ஒரு வெள்ளத்தாள்ல எழுதிக் குடுங்க. இன்ன மாரி நடந்துச்சு, நேரக் கணக்குல வந்த கொழப்பம், வேற ஒண்ணும் இல்லன்னு. உங்க பேரு போட்டு கையெழுத்து போட்டா போதும். அத வச்சி நான் பாத்துக்குறேன்."

மேசையில் வெள்ளைத்தாள் இருந்தது. பேனாவும் இருந்தது. எழுதப் பத்து வரிக்கு மேல் ஆகாது. "ஆபீஸ்ல கேட்டுட்டு சொல்றேன்க்கா" என்றேன். அவர் எழுந்து, "கேட்டு சொல்லுங்க, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கேட்டேன். ஆராய்ச்சி சம்பந்தமாகத் தனிநபர் யாரும் எந்தக் கடிதமும் தரக்கூடாது என்றார்கள். எதிர்பார்த்த பதில்தான். அந்தப் பதில் வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போனில் அவருக்கு அதைச் சொன்னேன். ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று இருந்தேன். "சரிங்க சார்" என்றார். மறுபடியும் சார் ஆகிவிட்டேன்.

அந்த மருந்து பயன்பட்டதா இல்லையா என்பது முடிவறிக்கையில் இருக்கிறது. அவர் சேர்த்த குழந்தைகள் எல்லோரும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். அறிக்கையின் பின்பக்கத்தில் நன்றி தெரிவித்த பட்டியலில் என் பெயர் உண்டு. அவர் பெயர் இல்லை. அவருக்கு அந்த வேலை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

அன்றைக்கு வெள்ளைத்தாளில் எழுதாததை இப்போது எழுதுகிறேன். அவர் ஒரு குழந்தைக்கும் பொய் வயது சொல்லவில்லை. பொய் வயது சொன்னது நான் எழுதிய ப்ரோகிராம். அந்தப் ப்ரோகிராமை ஒத்துக்கொள்ள வைப்பதற்காக அவர் நேரத்தை மாற்றினார். அவர் செய்தது அவ்வளவுதான். ஒழுங்கீனம் என்ற சொல்லை அவர் பெயருக்கு எதிரே வைத்தது நான்.

இதில் அவர் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. அதனால் இதை எடுத்துக்கொண்டு போய் அவர் யாரிடமும் காட்ட முடியாது.